இடது ஒரு லாரி, வலது ஒரு லாரி

ராணுவக் கிடங்கின் ஸ்டோர்காரர் யாரையும் நம்பமாட்டார். பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். இழுத்துப் பார்த்தோமா என்று திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார்.

மலை மேலே கிழக்கு முகாம், மேற்கு முகாம் என்று இரண்டு. முகாமுக்கு அறுபது பேர். பனிக்காலத்துக்குப் புது பூட்ஸ் போக வேண்டும். போன வருஷம் வழியிலேயே இருபது ஜோடி காணாமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை மனுஷன் ஒரு வேலை செய்தார். இடது கால் பூட்ஸ் நூற்றிருபதையும் ஒரு லாரியில் ஏற்றினார். வலது கால் நூற்றிருபதையும் இன்னொரு லாரியில் ஏற்றினார். ஒற்றைக் கால் பூட்ஸைத் திருடி எவன் மாட்டிக்கொள்வான்? தானும் கூடவே போய், பாதை பிரியும் இடத்தில் ஜோடி சேர்த்துப் பிரித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. அதை ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் கசிந்துவிடுமாம்.

சாயங்காலம் பனி கொட்டும் என்று செய்தி வந்ததும், அதிகாரி விடிவதற்குள் முகாமுக்கு ஒன்றாக லாரிகளை அனுப்பிவிட்டார். ஸ்டோர்காரர் குளித்துச் சாப்பிட்டு வந்தபோது கொட்டகை காலி. என்ன செய்வது என்று விளங்குவதற்குள் போன் அடித்தது. கிழக்கு முகாம் சார்ஜென்ட்.

“ஸ்டோர்காரரே, எங்களுக்கெல்லாம் ரெண்டும் இடது கால்னு யாரு சொன்னது? பழைய பூட்ஸு வாயைப் பொளந்துட்டு நிக்குது. லாரிக்காரன் இறக்கிப் போட்டுட்டுப் பறந்துட்டான்.”

ஸ்டோர்காரர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். பனி விழுந்தால் பாதை இரண்டு மாசத்துக்கு அடைத்துக்கொள்ளும். நூற்றிருபது பேரின் கால் விரல்கள் அவர் தலையில்.

“ரெண்டு முகாமுக்கும் நடுவுல ஒத்தையடிப் பாதை இருக்கே?”

“இருக்கு. கோவேறு கழுதைதான் போகும். மண்ணெண்ணெய் கொண்டுவந்த கழுதைக்காரர் இங்கதான் இருக்கார். பேசுறீங்களா?”

கழுதைக்காரர் வேறு யாருமில்லை, ஸ்டோர்காரரின் மகளைக் கட்டியவனுடைய அப்பா. கிடங்கு வாசலில் ஒவ்வொரு தடவையும் மூட்டையை அவிழ்த்துச் சோதனை போடுவது இந்தச் சம்பந்தியைத்தான்.

“சொல்லுங்க சம்பந்தி” என்றார் கழுதைக்காரர், குரலில் சிரிப்பு வழிய. “போன வாரம் என் தொப்பியைக் கழட்டிப் பாத்தீங்களே, உள்ள மண்ணெண்ணெய் இருந்துச்சா?”

“அதை விடுங்க சம்பந்தி. அறுபது இடது பூட்ஸை மேற்கு முகாம்ல குடுத்துட்டு, அறுபது வலது வாங்கிட்டு வரணும். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு.”

“என்னையா நம்பி அனுப்புறீங்க?”

“என் பொண்ணையே உங்க வீட்டுக்குக் குடுத்திருக்கேன்!”

“மூணு பேரை விட்டு விசாரிச்சுத்தான குடுத்தீங்க? என்னை நம்புறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உடனே கெளம்புறேன்.”

ஸ்டோர்காரர் கிடங்குச் சுவரைப் பார்த்தார்.

“நம்புறேன்.”

“கழுதைக்குக் கேக்கல.”

“நம்புறேன்யா! போய்த் தொலைங்க!”

சைஸ் பார்த்து மூட்டை கட்டிக்கொடுத்தார் சார்ஜென்ட். அதற்குப் பிறகு ஸ்டோர்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் போனுக்கும் நடையாய் நடந்தார். வானம் சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது. அஞ்சு மணி நேரம் ஆயிற்று. ‘ஆளு எங்கயாவது குந்திட்டு பீடி குடிப்பான்’ என்று மனசுக்குள் திட்டினார்.

முதல் பனித்துகள் ஜன்னலில் ஒட்டும்போது போன் அடித்தது.

“வந்துட்டார்யா உங்க சம்பந்தி. எல்லாரும் மாட்டியாச்சு.”

“மாட்டியாச்சுன்னா? ரெண்டு கால்லயுமா? எனக்கெப்படித் தெரியும்?”

“அட என்னய்யா உம்மோட!” சார்ஜென்ட் போனைத் தரைப் பக்கம் நீட்டிக்கொண்டு கத்துவது கேட்டது. “டேய், எல்லாரும் பலகை மேல ஏறுங்க! மிதிங்கடா! இடது! வலது!”

தடதடவென்று மலையே இறங்கி வருகிற மாதிரி சத்தம். விஷயம் தெரிந்து பக்கத்து அறையில் காத்திருந்த அதிகாரி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். ஸ்டோர்காரர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பொக்கை வாய் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“கேட்டீங்களா சார்? அறுபது பேரு! ரெண்டு காலும்!”

சந்தோஷம் தாங்காமல் அவர் முதுகில் ஒன்று வைத்தார் அதிகாரி. ஸ்டோர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போனை எடுத்தார்.

“எக்ஸ்சேஞ்சா? மேற்கு முகாமைக் குடும்மா. அங்கயும் ஒரு தடவை மிதிக்கச் சொல்லணும்.”