பச்சைச் சேங்கொட்டை

யுத்தத்தால் கப்பல் நின்று, டிஸ்பென்சரியில் மூட்டு வலிக்கான சாலிசிலேட் மருந்து தீர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முட்டி வீங்கி வந்தவர்களுக்கு வெந்நீர் ஒத்தடம் சொல்லி அனுப்பினோம். டாக்டருக்கே முட்டி வீங்கியதும், கம்பவுண்டரான நான் வத்தல்மலைக் கருப்பியிடம் சேங்கொட்டை எண்ணெய் வாங்கி வந்தேன். பத்து நாளில் எழுந்து நடந்தார்.

அந்தக் கொட்டையை ரிசர்வ் காட்டில் பொறுக்கியதற்காகத்தான் கருப்பியின் புருஷன் குள்ளன்மேல் கேஸ் போட்டு உள்ளே வைத்திருந்தார்கள்.

"கொட்டையை மெட்ராஸ் லேபரட்டரிக்கு அனுப்பு. மருந்துச் சத்து இருக்குன்னு எழுதிட்டா, நான் ரேஞ்சருக்கு எழுதுறேன். கேஸை விட்டுருவாங்க" என்றார் டாக்டர்.

கருப்பியிடம், "வூட்ல இருக்கறதுல நல்ல கொட்டையா ஒரு படி கொண்டா" என்றேன். மூன்றாம் நாள் கொண்டுவந்தாள். கறுப்பு மினுமினுப்பே இல்லை. நான் யோசிக்கவில்லை. பெட்டியில் போட்டு அரக்கு வைத்தேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. எண்ணெய்ச் சத்து இல்லை, ஆராய ஒன்றுமில்லை.

கருப்பியைக் கேட்டேன். "செங்கல்லுத் தூள்ல புரட்டி நஞ்செண்ணெய எடுத்துட்டு, வெந்நீர்ல அலசினேங்க. நம்ம மருந்தெண்ணெய்க்கு ஒருக்கா போதும். மெட்ராஸ்காரங்க தோலு மெல்லிசாச்சே, மூணு வாட்டி பண்ணேன்."

"பச்சையாத் தரணும் கருப்பி."

"நஞ்சோடவா? ஒரு மனுசன் கையில அப்படிக் குடுப்பாங்களா சாமி?"

பச்சையாக வேண்டும் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அலசியதில் சத்து போய்விட்டது, பச்சையில் இருக்கிறது, ரேஞ்சருக்கு எழுதுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். "ஒருதரம் அசிங்கப்பட்டது போதும்யா. செத்த கொட்டையில என்ன இருக்கப் போவுது?" என்றார். கேஸ் விசாரணைக்கு நாலு நாள்தான் இருந்தது.

ஒரு பச்சைக் கொட்டையை உடைத்து என் முன்கையில் தேய்த்தேன். சத்து இருப்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் முழங்கை வரை வீங்கி, கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. போய்க் காட்டினேன்.

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வீக்கத்துக்கு மருந்துன்னியே?"

"ஆமாங்க. நஞ்செடுத்துச் சுத்தி பண்ணினா."

"இது வீக்கத்தைல்ல கொண்டாருது. இதையா என் முட்டியில தடவினே?"

அன்றே ரேஞ்சருக்கு எழுதினார். இது விஷக்கொட்டை, பொறுக்குகிறவர்களைத் தடுப்பதுதான் சரி. காகிதத்தைக் கோர்ட்டில் படித்தார்கள். குள்ளனுக்கு ஆறு மாதம், சேலம் ஜெயில். கருப்பி என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். காகிதம் எப்படி வந்தது என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

ஆடியில் டாக்டருக்கு மறுபடி முட்டி வீங்கியது. இரண்டு நாள் முனகிவிட்டு, "அவகிட்ட அந்த எண்ணெய் இருக்குமா?" என்றார்.

மலையேறினேன். கருப்பி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"விஷம்னு அவருதானுங்களே எழுதினாரு" என்றாள். "அதை நான் எப்படிங்க குடுக்கறது?"

காலிப் புட்டியோடு இறங்கினேன். அடுப்பில் வெந்நீர் வைத்தேன். ஒத்தடம் கொடுக்கும்போது டாக்டர் என் கையைத் தள்ளிவிட்டார். கொப்புளம் காய்ந்த இடம் கன்னங்கரேலென்று இருந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.