அவளுக்குள்ளுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவள் சர்ச்சுக்குத் தாமதமாகப் போனாள். பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். வழக்கமாக அவள் போய் உட்காரும் கடைசி வரிசை நிரம்பி வழிந்தது. கணவனுக்கு எப்படியோ ஒரு தூணோரம் இடம் கிடைத்துவிட, அவளுக்கு மிச்சமிருந்தது நடுவரிசையில் ஒரே ஓர் இடம். பெரியவளுக்குப் பக்கத்தில்.

இருவரும் ஒரே குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். மாமியார் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதுவே அவர்களுடைய பெயர் ஆகிவிட்டது. இருவர் வீடும் ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தன. ஒருத்தி ஜன்னலைத் திறந்தால் மற்றவள் வீட்டில் என்ன சமையல் என்று வாசனையே சொல்லிவிடும். ஆனால் இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்று வெகு காலம் ஆகியிருந்தது.

காரணம் ரொம்பச் சின்னது. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தபோது, எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் செய்தார்கள். "சின்னவ ஜெபம் பண்ணும்போது ஒரு கண்ணை வாட்ச் மேலேயே வச்சிருப்பா" என்று பிறகு பெரியவள் யாரிடமோ சொன்னாள். சொன்னது மூன்று வாய் மாறிச் சின்னவள் காதுக்கு வந்தது. "அதைப் பார்க்கணும்னா அவங்க ரெண்டு கண்ணும் திறந்திருக்கணுமே" என்று சின்னவள் பதில் சொன்னாள். அது இன்னும் வேகமாகத் திரும்பிப் போனது. அதற்கப்புறம் குடும்ப விருந்துகளில்கூட, "அந்த உப்பை இந்தப் பக்கம் தரச் சொல்லுங்க" என்று கணவன்மார் மூலமாகத்தான் பேச்சு.

அன்றைக்குப் பாஸ்டர் எடுத்துக்கொண்ட விஷயம், விசுவாசிக்குள் கிறிஸ்து குடியிருப்பது. அவர் வானத்தில் எங்கோ உட்கார்ந்துகொண்டு எட்டிப் பார்க்கிறவர் இல்லை, நம்பி ஏற்றுக்கொண்ட ஒவ்வொருவருக்குள்ளும் வந்து தங்கியிருக்கிறவர் என்றார். சின்னவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அவளுக்கு அது புதுசில்லை. டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அங்கே இருந்த ஆண்கள் எல்லாம் ஒரு மாதிரிப் பார்த்தபோது, ஏறத் தயங்கிக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "நீங்க உள்ளே இருக்கீங்கல்ல, அப்ப சரி" என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். பயம் போய்விட்டது. அன்றிலிருந்து அவளுக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.

கடைசியில் பாஸ்டர், "இப்ப பக்கத்துல இருக்கிறவங்க முகத்தைப் பாருங்க. அவங்களுக்குள்ள இருக்கிறவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்க" என்றார்.

பெரியவள் திரும்பினாள். சின்னவளும் திரும்பினாள். ஒருவர் காதை ஒருவர் பார்த்தபடி "சமாதானம்" என்று முணுமுணுத்துவிட்டு, இருவரும் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சின்னவள் வாயே திறக்கவில்லை. அது நடக்காத காரியம் என்பதால் கணவன் கவலைப்பட்டான்.

"உடம்பு சரியில்லையா?"

"ஒரு சந்தேகம். எனக்குள்ள இருக்காருன்னு நம்பறேன். உங்களுக்குள்ளயும் இருக்காரு, சரி. அக்காவுக்குள்ளயுமா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அண்ணியும் ஞானஸ்நானம் எடுத்தவங்கதானே. இருந்துதானே ஆகணும்?"

"எப்படிங்க இருக்க முடியும்?"

"சிரமம்தான்" என்றான் அவன். "ஆனா உனக்குள்ள இருந்து பழகினவரு. சமாளிச்சுப்பாரு."

சின்னவள் அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். ஆனால் கேள்வி போகவில்லை. பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் கூடவே வந்தது.

மறுநாள் காலை டிரைவிங் ஸ்கூலுக்குள் நுழைந்ததும் முதலாளி கூப்பிட்டார். "புதுசா ஒருத்தங்க சேர்ந்திருக்காங்க. உங்க சொந்தமாமே. உங்ககிட்டதான் கத்துக்குவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க."

வெளியே எல் போர்டு மாட்டிய கார் அருகே, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பெரியவள் நின்றிருந்தாள்.

"அவருக்குக் கண்ணு நரம்பு பலவீனமாயிடுச்சு" என்றாள், எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி. "இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அத்தையை இடுப்புக்கு நடைப் பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நான்தான் ஓட்டியாகணும்."

"ஆளை வச்சுக்கலாமே."

"தெரியாத ஆளு ஓட்டினா அத்தை வண்டியில ஏற மாட்டாங்க. உனக்குத் தெரியாததா?"

அது உண்மை. சின்னவள் சாவியை நீட்டினாள்.

டிரைவிங் ஸ்கூலில் சின்னவளுக்கு இருந்த பட்டப்பெயர் சைரன். அவள் கத்தினால் அடுத்த தெருவில் போகிற ஆட்டோக்காரரும் பிரேக் போடுவார் என்பார்கள். அவளிடம் கற்றவர்கள் நன்றாக ஓட்டினார்கள் என்பதால் முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அன்றைக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டும்போது அவள் ஒரு முடிவெடுத்தாள். உள்ளே அவர் இருப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கிறாரோ இல்லையோ, இருந்தால் நான் கத்துவது அவர் காதிலும் விழும். எதற்கு வம்பு. கத்தப் போவதில்லை.

முடிவெடுப்பது சுலபம். பெரியவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அப்படியில்லை. இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பர் ஓடியது. கிளட்சை விடச் சொன்னால் ஸ்டியரிங்கை விட்டாள். ஒவ்வொரு சந்திப்பிலும் எதிரே வருகிறவர்கள் எல்லோரையும், "நீங்க போங்க, நீங்க போங்க" என்று கையாட்டி வழியனுப்பிவிட்டு, பின்னால் ஹாரன் சத்தம் கிளம்பியதும் பதறி வண்டியை ஆஃப் செய்துவிடுவாள். ஒருமுறை நடுரோட்டில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. அது எழுந்து போகும்வரை காத்திருந்தாள். புறாவுக்கு அவசரமே இல்லை.

"பரவாயில்லைங்க்கா" என்றாள் சின்னவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "மெதுவா முதல் கியர் போடுங்க."

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. சைரனுக்கு என்ன ஆச்சு, தொண்டையில் கட்டியா என்று மற்ற மாஸ்டர்கள் விசாரித்தார்கள். வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு மூச்சுக் கத்திவிட்டு வருவாள். கணவன் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான்.

சனிக்கிழமை காலை அவர்கள் கடைத்தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் ஸ்கூட்டரில் போன பார்சல்காரப் பெண் ஒருத்தி, திடீரென்று திறந்த ஒரு வண்டிக் கதவுக்கு ஒதுங்கப் பார்த்துச் சறுக்கி விழுந்தாள். பெட்டிகள் ரோடெல்லாம் உருண்டன.

பெரியவள் பிரேக்கை மிதித்துவிட்டுக் கார்க் கதவைத் திறந்தாள். ஹேண்ட்பிரேக் போடவில்லை. கியரைப் பற்றி நினைக்கவும் இல்லை. இறங்கி ஓடினாள். டிரைவர் இல்லாமல் நகரத் தொடங்கிய காரைச் சின்னவள், மாஸ்டருக்கென்று தன் பக்கத்தில் இருந்த பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். கத்த வாயைத் திறந்தவள், அப்படியே இருந்துவிட்டாள்.

பெரியவள் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தாள். அந்தப் பெண்ணின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கிழிந்த உள்ளங்கையைத் தன் துப்பட்டாவால் இறுக்கிச் சுற்றினாள். இஸ்திரி போட்டுப் போட்டு அவள் பத்திரப்படுத்தும் துப்பட்டா. யாரையும் தொட விடமாட்டாள். பின்னால் ஹாரன் அடித்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. நான் இருக்கேன்ல. என்னைப் பாரு. அங்க பார்க்காத, என்னைப் பாரு" என்றாள்.

சின்னவள் பெட்டிகளைப் பொறுக்கிக் காரில் ஏற்றினாள். கிளினிக்குக்கு அவளே ஓட்டினாள். பின் இருக்கையில் பெரியவள் அந்தப் பெண்ணை அணைத்துக்கொண்டு, ஏதோ பழைய பாட்டை மெல்ல முனகிக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் சின்னவளுக்கு அந்த முகம் தெரிந்தது. தினமும் பார்த்த முகம்தான். ஆனால் அதில் இப்போது இருந்த பரிவு, அவள் இத்தனை காலம் ஜெபத்தில் தனக்குள் உணர்ந்த அதே பரிவு. அடையாளம் தெரியாமல் போக வழியே இல்லை. 

கிளினிக்கில் தையல் போட்டார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள். "பார்சல் எல்லாம் மத்தியானத்துக்குள்ள போயாகணும்க்கா. இல்லைன்னா நாளைக்கு வேலை தர மாட்டாங்க."

"எங்கே எங்கே கொடுக்கணும்?" என்றாள் பெரியவள்.

"அக்கா" என்று எச்சரித்தாள் சின்னவள்.

"வண்டி இருக்கு. மாஸ்டர் இருக்கா. எனக்கும் ஓட்டிப் பழகணும். வேற என்ன வேணும்?"

அப்படித்தான் அந்த வேடிக்கை தொடங்கியது. அந்தப் பெண் கிளினிக்கில் படுத்திருக்க, எல் போர்டு மாட்டிய கார் ஒன்று தெருத் தெருவாகப் போய்ப் பார்சல் கொடுத்தது. பெரியவள் நிறுத்துவாள், சின்னவள் இறங்கி ஓடுவாள். ஒரு வீட்டில் செருப்பு, ஒரு கடையில் ரப்பர் குழாய், ஒரு மாடியில் யாருக்கோ பிறந்தநாள் கேக். கேக்கைக் கொண்டு போகும்போது மட்டும் பெரியவள் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினாள். இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ அந்தத் திறமையை. அடிக்கடி நிறுத்தி அடிக்கடி கிளப்பியதில், கிளட்ச் கால் தானாகவே கணக்குப் புரிந்துகொண்டது.

ஒரு குறுகலான சந்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டி வந்தது.

"மெதுவாங்க்கா. இடது பக்கம் பாருங்க. இடது. இடதுக்கா. அக்கா, கண்ணு எங்க இருக்கு, குப்பைத்தொட்டி, குப்பைத்தொட்டி, நிறுத்துங்க அக்கா."

தொட்டி உருண்டது. மாடி ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. ஒரு வாரமாக அடக்கி வைத்த சைரன் அது. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவள் வண்டியை ஆஃப் செய்தாள். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோய்ச் சின்னவள் குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாடா" என்றாள் பெரியவள். "ஒரு வாரமா வேற யாரோ பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. எனக்குப் பயமே வந்துடுச்சு. ஏன்டி கத்தவே இல்லை?"

சின்னவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உங்களுக்குள்ள இருக்கிறவருக்காக."

"எனக்காக இல்லையா?"

"உங்களுக்காக இல்லைக்கா. அப்போ இல்லை."

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஏன் உன்கிட்டதான் கத்துக்கணும்னு நின்னேன், தெரியுமா? பாஸ்டர் திரும்பிப் பாருன்னு சொன்னாருல்ல. எனக்கு ஒரே குடைச்சல். இவளுக்குள்ளயுமா இருக்காரு, இருந்தா எந்த மூலையில இருக்காருன்னு. பக்கத்துல உட்கார்ந்து பார்த்துடலாம்னு வந்தேன்."

சின்னவள் அவளையே பார்த்தாள். "பார்த்தீங்களா?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு 'பரவாயில்லைங்க்கா'ன்னு சொல்லும்போது இல்லை. அது நீ நடிச்சது. இன்னைக்குப் பார்த்தேன். அந்தப் பொண்ணோட பெட்டி ஒண்ணு சாக்கடை ஓரம் விழுந்துச்சே, அதை எடுத்து உன் புடவையால துடைச்சே. யாரும் உன்னைக் கவனிக்கலைன்னு நினைச்சுத் துடைச்சே."

சின்னவள் குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள். சேறு காய்ந்திருந்தது. அதைத் துடைத்ததே அவளுக்கு ஞாபகமில்லை.

"ஆனா நான் இப்பக் கத்திட்டேனே" என்றாள்.

"அதனால என்ன? அவர் குடி வந்தா நீ காலி பண்ணிட்டுப் போகணும்னு யாரு சொன்னா? உன் தொண்டை எப்படின்னு தெரிஞ்சுதான் வந்திருக்காரு. என் வாய் எப்படின்னும் தெரிஞ்சுதான்." பெரியவள் சற்று நிறுத்தினாள். "அந்த வாட்ச் விஷயம். அது நான் சொல்லியிருக்கக் கூடாது."

"நானும் பதில் சொல்லியிருக்கக் கூடாது."

"ஆனா நல்ல பதில்டி. எனக்கே உள்ளுக்குள்ள சிரிப்பு வந்துச்சு."

அதற்கப்புறம் இருவரும் இறங்கிப்போய்க் குப்பையை அள்ளித் தொட்டியில் போட்டார்கள். மாடியிலிருந்த ஒருவர் துடைப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்து உதவினார். மீதிப் பார்சல்களையும் கொடுத்து முடித்தபோது இருவருக்கும் நல்ல பசி.

லைசென்ஸ் சோதனையில் பெரியவள் முதல் முறை தோற்றாள். வலதுக்கு இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் திரும்பினாள். அடுத்த முறை தேறினாள். சின்னவள் அவளை விடச் சத்தமாகச் சந்தோஷப்பட்டாள். இதற்கிடையில் இருவருக்கும் சண்டை வராமல் இல்லை. திரைச்சீலை நிறத்துக்காக ஒருமுறை, மாமியார் மருந்து நேரத்துக்காக ஒருமுறை. ஆனால் எதுவும் அன்றைய சாப்பாட்டு நேரத்தைத் தாண்டவில்லை. யாராவது ஒருத்தி தெருவைக் கடந்து வந்து கதவைத் தட்டிவிடுவாள்.

பெரியவள் தானே வண்டி ஓட்டி மாமியாரை முதன்முதலாக நடைப் பயிற்சிக்கு அழைத்துப் போன நாளில் சின்னவளும் துணைக்குப் போனாள். முன் இருக்கையில் மாமியார் உட்கார, அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவள் நிம்மதியாக உட்கார்ந்ததே இல்லை. காலுக்கடியில் பிரேக் இல்லாவிட்டால் அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும்.

வண்டி தெருவைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியது. பெரியவள் நிதானமாக ஓட்டினாள். மாமியார் வழியில் தென்பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். காலை வெயில் இதமாக ஜன்னல் வழியே விழுந்தது.

"சின்னவளே, இந்த இடத்துல கடை ஒண்ணு இருந்துச்சே, எங்கே போச்சு?" என்று மாமியார் கேட்டார்.

பதில் வரவில்லை. பெரியவள் கண்ணாடியில் பார்த்தாள்.

"தூங்கிட்டா அத்தை" என்றாள், குரலைத் தாழ்த்தி. "மெதுவாப் பேசுங்க."