பூட்டுக்கடைக்கு வந்த பூனை

பூட்டு ரிப்பேர்க்காரருக்கு வெப்சைட் செய்து கொடுத்தது அவருடைய மைத்துனன்.

"ஜனங்க அதிகமா தேடுறது பூனையைத்தான் மாமா. அதான் 'பூனை வைத்தியம்'னு நாலு இடத்துல தூவிட்டேன். தேடினா நம்ம கடைதான் முதல்ல நிக்கும்."

"இல்லாத சரக்கை இருக்குன்னு சொல்லலாமாடா?"

"எல்லாரும் அப்படித்தான்!"

மறுவாரமே ஓர் அம்மாள் பூனையும் கையுமாக வந்து நின்றார். மறுக்க வாயெடுத்த ரிப்பேர்க்காரர், கழுத்துப்பட்டையின் கொக்கி இறுகிப் பூனை மூச்சுத் திணறுவதைக் கண்டார். குறட்டால் ஒரே திருகில் விடுவித்தார். அம்மாள் கண்கலங்கி, அங்கேயே போனை எடுத்து வெப்சைட்டில் ஐந்து நட்சத்திரம் போட்டார்: "கைராசிக்கார டாக்டர்!"

மறுநாள் காலை கடைவாசலில் ஆறு பூனைகள், ஒரு கிளி. மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"பாத்தீங்களா, வேலை செய்யுது!"

"செய்யுதுடா. வந்து ஊசி போடு."