துரைக்கு நாலடித் தொட்டி

பத்து நாள் என்று சொல்லித்தான் நாத்தனார் ஆமையைக் கொண்டுவந்து வைத்தாள். புது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், அந்த வாசனை ஆமைக்கு ஆகாது, அதை வளர்த்த மகன் படிப்புக்காக விடுதியில் சேர்ந்துவிட்டான், தனக்கோ ஊர்ந்து போகிறவற்றைக் கண்டாலே கூச்சம். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நான்கு காரணம் சொன்னாள். ஐந்தாவதைச் சொல்வதற்குள் அவள் அண்ணன், "அதுக்கென்ன, விட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டான். மெத்தைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவன் அவன். 'முடியாது' என்ற சொல் வந்து பழகாத வாய்.

பார்த்துக்கொள்ளப் போவது யார் என்பது மட்டும் அங்கே பேசப்படவில்லை. அதைப் பேசவும் தேவையில்லை. அவன் மனைவி சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

நகரத்துக் குடிநீர் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. குழாய்த் தண்ணீரைத் தெருத் தெருவாகப் பிடித்து வருவார்கள். அதில் கிருமி இருக்கிறதா, அதைக் கொல்லுகிற அளவுக்குக் குளோரின் இருக்கிறதா என்று நாள் முழுக்கக் குடுவையும் கையுமாக நின்று பார்த்து எழுதவேண்டும். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் முகத்தில் விழிக்கவே பிடிக்காது. குடிக்கிற தண்ணீரைக்கூட ஒரு தரம் முறைத்துவிட்டுத்தான் குடிப்பாள்.

ஆமை வந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். உள்ளே பச்சை பிளாஸ்டிக்கில் ஒரு தென்னை மரம், அதன் அடியில் ஒரு சரிவு, கணுக்கால் நனையாத அளவுக்குத் தண்ணீர். ஆமையோ ஒரு சாசர் அகலத்துக்கு வளர்ந்திருந்தது. திரும்ப வேண்டுமானால் மூக்கை ஒரு பக்கமும் பின்பக்கத்தை மறுபக்கமும் இடித்துக்கொள்ள வேண்டும். பெயர் துரை. காய்ந்த இறாலைத் தவிர வேறெதையும் துரை தொடமாட்டார் என்று நாத்தனார் பெருமையாகச் சொல்லிவிட்டு, இறால் டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் வீட்டுக் கூடம் முழுக்க நாற்றம். அவள் குனிந்து பார்த்தாள். துரையின் கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தன. போட்ட இறால் அப்படியே ஊறிக்கொண்டிருந்தது. தூக்கி எடுத்தபோது ஓட்டின் விளிம்பு விரலுக்கு லேசாக வளைந்து கொடுத்தது. அவள் உடனே நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"தூங்குதோ என்னவோ அண்ணி. அது எப்பவுமே கொஞ்சம் சோம்பேறி."

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, துரையை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனாள். கால்நடை மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. சிரிப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டவர் மாதிரி இருந்தார். ஓட்டை அழுத்திப் பார்த்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா இப்படி வச்சிருக்கீங்க?"

"மூணு நாளாத்தான் டாக்டர் எங்கிட்ட இருக்கு."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

"இல்ல டாக்டர், நிஜமாவே என் நாத்தனாரோட ஆமை..."

"நாத்தனார் ஆமையோ, மாமியார் ஆமையோ, ஆமைக்கு வெயில் வேணும். நீந்தறதுக்கு ஆழம் வேணும். ஏறி உடம்பக் காய வைக்கறதுக்கு மேடு வேணும். இது எதுவும் இல்லாம வளந்திருக்கு. அதான் ஓடு இளகிக் கிடக்கு. இறாலை மட்டுமே போட்டா கண்ணு வீங்காம என்ன செய்யும்?" மருந்தைச் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "பேரு என்ன?"

"துரை."

டாக்டர் ஆமையைத் திருப்பி வாலைப் பார்த்தார். முன்கால் நகத்தைப் பார்த்தார். "நகம் குட்டை, வாலும் குட்டை. இது துரை இல்லம்மா, துரைசானி."

சீட்டின் பின்பக்கம் நிறையப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். நாலடி நீளத் தொட்டி. தொட்டியின் அளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீருக்குச் சொல்லப்பட்ட வடிகட்டி. சூடு தரும் விளக்கு ஒன்று, சூரிய வெளிச்சத்துக்குப் பதிலாக புற ஊதா விளக்கு ஒன்று. கீரை. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீன் ஓடு. "தொட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றும் சொன்னார். சொல்லும்போதும் சந்தேகத்தோடுதான் பார்த்தார். பேருந்தில் திரும்பி வரும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கியதுகூடப் பரவாயில்லை. அந்த டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பட்டியலைப் பார்த்ததும் கணவனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

"விளக்கு எதுக்கு? ஜன்னலோரம் வச்சா வெயில் வருதே."

"கண்ணாடி வழியா வர வெயில்ல அந்தச் சத்து இருக்காதாம். கண்ணாடி தடுத்துடுமாம்."

"அப்படியா? எனக்குத் தெரியாதே" என்றான், தெரியாமல் போனது கண்ணாடியின் குற்றம் என்பதுபோல.

தொட்டியை டிவி மேசைமேல் வைக்கலாம் என்றான். இருநூறு லிட்டர் தண்ணீர் இருநூறு கிலோ, அதற்குமேல் கண்ணாடியின் எடை என்று அவள் சொல்லச் சொல்ல, காதில் வாங்காமல் பாதி நிரப்பியும் பார்த்துவிட்டான். மேசையின் நடுப்பலகை முனகிக்கொண்டு தொய்ந்தது. அப்புறம் வெல்டிங் கடைக்காரர் வந்து இரும்பில் ஒரு தாங்கி செய்து கொடுத்தார். அதை வைக்க இடம் வேண்டுமென்று சோபா படுக்கையறைக்குப் போயிற்று. படுக்கையறையில் இப்போது கட்டிலுக்கு ஏற வேண்டுமென்றால் சோபாவைத் தாண்டித்தான் ஏற வேண்டும்.

அடியில் போடுவதற்கென்று கலர் கலராகக் குட்டிக் கூழாங்கல் வாங்கி வந்தான். ஆமை அதை விழுங்கிவிடும் என்று பட்டியலில் எழுதியே இருந்தது. திருப்பிக் கொடுக்க அவள்தான் போனாள். பிறகு ரப்பர் உறிஞ்சிகளால் கண்ணாடியில் ஒட்டுகிற மிதவை மேடு ஒன்று வாங்கி வந்தான். துரை அதில் முன்கால் இரண்டையும் வைத்ததும் மேடு பிடி விட்டுக் கவிழ்ந்து, துரையின் தலைமேல் மூடியது. இரண்டு நாளைக்கு அது மேட்டுப் பக்கமே போகவில்லை. கடைசியில் அவளே பரிசோதனைக் கூடத்திலிருந்து கழித்துப்போட்ட தடித்த பிளாஸ்டிக் குழாய்களைக் கேட்டு வாங்கி வந்து, அறுத்து, கால் வைத்து, மேலே சொரசொரப்பான தரை ஓடுகளைக் கட்டி ஒரு மேடை செய்தாள். விளக்கு இரண்டையும் அதற்குமேல் ஒரு முழ உயரத்தில் தொங்கவிட்டாள். மறுநாள் வந்து பார்த்தால், ஆமை தப்பிவிடும் என்று விளக்குக்கும் மேடைக்கும் நடுவே கணவன் கண்ணாடி மூடி போட்டு வைத்திருந்தான்.

"ஏங்க, கண்ணாடி தடுக்கும்னு சொன்னேனா இல்லையா?"

"அது ஜன்னல் கண்ணாடின்னு நினைச்சேன்."

அவள் மூடியைக் கழற்றி வைத்தாள். கம்பி வலை வாங்கி வந்து போட்டாள்.

தொட்டி என்று ஒன்று அமைந்துவிட்டது. வடிகட்டி ஓடியது, மேடை உறுதியாக நின்றது. மருந்தில் துரையின் கண் ஒரு கீற்றளவு திறந்தது. கீரையைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், பசி மிஞ்சியபோது ஒரு கடி கடித்தது. பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

இனி தண்ணீர்தான். தன் தொழிலாயிற்றே என்று அவள் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. ஆமையின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். வடிகட்டியின் பஞ்சில் சில வாரங்களில் நல்ல கிருமிகள் குடியேறி அதைத் தின்று கரைத்துவிடும். அதுவரை அடிக்கடி தண்ணீர் மாற்றினால் போதும். இது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தினமும் சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து ஒரு நோட்டில் எழுதினாள். முதல் வாரம் பச்சை, அதாவது அம்மோனியா இருக்கிறது. எதிர்பார்த்ததுதான். மூன்றாம் வாரமும் பச்சை. ஐந்தாம் வாரம் கரும்பச்சை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தண்ணீரை மாற்றினாள். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்க மருந்து கலந்து, வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினாள். முதுகு விட்டுப்போயிற்று. ஊரில் லட்சம் பேர் குடிக்கிற தண்ணீருக்கு அவள் கையெழுத்துப் போடுகிறாள். ஒரு ஆமை குளிக்கிற தண்ணீரை அவளால் சுத்தமாக வைக்க முடியவில்லை. பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து சொந்த வாளியின் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, மேலதிகாரி எட்டிப் பார்த்து, "இது எந்தத் தெரு?" என்று கேட்டார். "எங்க வீட்டு ஆமை சார்" என்று சொன்னபோது அவளுக்கே அழுகை வரும்போலிருந்தது.

அன்றைக்கு வீட்டில் எரிந்து விழுந்தாள். "நான் ஒருத்தியே சாகறேன். இந்த வீட்ல ஒரு துரும்பையாவது நீங்க நகர்த்தியிருக்கீங்களா?" கணவன் வாயைத் திறந்தான். என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான்.

ஆறாம் வாரம் ஒரு நாள் பரிசோதனைக் கூடத்தில் மின்சாரம் போய், மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் குளியலறையில் பாட்டுச் சத்தம். கணவனுக்கு அன்று வாராந்திர விடுமுறை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வடிகட்டியைப் பிரித்துப் போட்டு, அதன் பஞ்சைச் சுடுதண்ணீர்க் குழாயடியில் பிழிந்து பிழிந்து கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

திருட்டில் பிடிபட்ட முகமாக இல்லை. பரிசு வாங்கப்போகிற முகம். "துரும்பை நகர்த்தலேன்னு அன்னிக்குச் சொன்னியே, இங்க பாரு. நீ வேலைக்குப் போனதும் தினமும் நான்தான் கழுவறேன். முதல் நாள்ல இருந்து! உங்கிட்ட சொல்லிக்காட்ட வேணாம்னு இருந்தேன். எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு!"

அவள் அப்படியே கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்தாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். குடித்த டம்ளரை எடுத்துக் கழுவும் தொட்டியில் போடாத மனிதன். வாழ்க்கையில் முதல் முறையாக, சொல்லாமலே, சலிக்காமலே, ஒரு வேலையை ஆறு வாரம் தினமும் செய்திருக்கிறான். அந்த ஒரு வேலைதான் செய்யக் கூடாத வேலை.

"அந்தப் பஞ்சுலதாங்க கிருமி வளரணும்" என்றாள். "நல்ல கிருமி. அதுதான் அழுக்கைத் தின்னும். நீங்க தினமும் வெந்நீர்லயும் குளோரின்லயும் அதைக் கொன்னுட்டு இருக்கீங்க."

அவன் பஞ்சைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "கிருமியைக் கொல்றதுக்குத்தானே உனக்கு வேலையே குடுத்திருக்காங்க? இதுல நல்லது கெட்டது வேற இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது கோபத்துத் தண்ணீரா என்னவென்று தெரியாமல் அவன் பயந்துபோய்ப் பஞ்சைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

அன்றிலிருந்து வடிகட்டியை யாரும் தொடவில்லை. எட்டாம் நாள் பச்சை வெளுத்தது. அதற்குப் பின் ஐந்தாம் வாரத்தில் குப்பித் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. அம்மோனியா துளிகூட இல்லை. கண்ணை நம்பாமல் இரண்டாம் முறையும் சோதித்தாள். மறுநாள் பகல், துரை தானாகவே மேடையில் ஏறி, விளக்கின் கீழே கழுத்தை நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னுக்கு விரித்துக்கொண்டு படுத்தது. மறுபடி கொண்டுபோனபோது டாக்டர் ஓட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். அவர் வாயில் அது பொன்னாடை.

பெயிண்ட் வாசனை போவதற்கு மூன்று மாதத்துக்கு மேலாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற தொட்டியைப் பார்த்து, "ஒரு ஆமைக்கா இவ்வளவு?" என்றாள்.

அவள் இத்தனை மாதமாகப் பல்லைக் கடித்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. வீங்கின கண், இளகின ஓடு, பேருந்து, டாக்டர் பார்த்த பார்வை, ஒன்றையும் விடவில்லை. நாத்தனாரின் முகம் சிவந்தது.

"நான் என்னவோ அதைக் கொல்லப் பாத்த மாதிரி பேசறீங்க அண்ணி. கடையில டப்பாவோடதான் குடுத்தான். இதுதான் வீடுன்னு சொன்னான். எனக்கு எப்படித் தெரியும்?"

கணவன் நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் ஆமாம் போட்டான். அதனால் இரண்டு பேருக்கும் கோபம் கூடியது. நாத்தனார் மகனுக்கே வீடியோ அழைப்புப் போட்டு, "உன் ஆமையை நீயே கேளு" என்று போனைத் தொட்டியின் பக்கம் நீட்டினாள். துரை மேடைமேல் காலை விரித்துப் படுத்திருந்தது. மறுமுனையில் பையனின் முகம் திரைக்கு நெருங்கி வந்தது.

"அத்தை, அது கால நீட்டிப் படுத்து நான் பாத்ததே இல்ல" என்றது பையனின் குரல். "அங்கயே இருக்கட்டும். அம்மா, எடுத்துட்டு வராதீங்க."

நாத்தனார் போனை அணைத்துவிட்டுத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் வேணும்னு செய்யல அண்ணி" என்றாள், தாழ்ந்த குரலில்.

"தெரியும். சனிக்கிழமை தண்ணி மாத்தணும். வந்து வாளி பிடி."

வந்தாள். முதல் சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு, இரண்டாவது சனிக்கிழமை இரண்டு மணி நேரம் தாமதமாக. உறிஞ்சுகுழாயின் ஒரு முனையைக் கணவன் தொட்டியிலும், மறுமுனையை நாத்தனார் வாளியிலும் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பேச்சு சுவாரசியத்தில் நாத்தனார் வாளி நிரம்பியதைக் கவனிக்கவில்லை. "அண்ணா, நிறுத்து!" என்று கத்தியதும் அண்ணன் குழாயையே வெளியே இழுத்துவிட்டான். மிச்சத் தண்ணீர் சுவரிலும் தரையிலும் பீய்ச்சி அடித்தது.

"ரெண்டு பேரும் தயவு பண்ணி அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்று அவள் குழாயைப் பிடுங்கிக்கொண்டாள். போய் உட்கார அவர்களுக்குச் சோபாவும் கூடத்தில் இல்லை, சுவரோரம் நின்றார்கள்.

துரை மேடையிலிருந்து தண்ணீரில் குதித்து, கண்ணாடியோரம் வந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறந்ததிலிருந்து யாரும் ஒரு வாய் போட்டதே இல்லை என்கிற மாதிரி முன்கால்களால் கண்ணாடியைப் பிராண்டியது.

"இப்பத்தானேடி தின்ன!" என்று அதட்டிவிட்டு, கீரை எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.