பழுது எனக் குறித்த பதிவுகள்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து வந்தது. பாதியில் விட்ட முனைவர் பட்ட ஆய்வைத் தொடர விரும்புவோருக்கான படிவம். ஆறு கேள்விகளுக்கு விடை எழுதியாயிற்று. ஏழாவது: 'ஆய்வு இடையில் நின்றதற்கான காரணம் (ஐம்பது சொற்களுக்குள்).' அடங்கவில்லை. அதனால் கதையாக எழுதிப் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: 'மனைவி இறந்து இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் அவன்

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். [அதற்கும் முன்னால் 'நான்' என்று தொடங்கிய வரைவு ஒன்று இருந்தது. மூன்றாம் வரியைத் தாண்டவில்லை. 'அவன்' கொஞ்ச தூரம் போகிறான்.]

2

அவனுக்கு முப்பத்து நான்கு வயது. காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை. சின்னக் கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வான். கேட்காமலேயே தூக்குகிறவர்களும் உண்டு. தோற்கப் பிடிக்காதவர்கள்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது தம்பி. இவ பேசுறதுதான் கேக்க மாட்டேங்குது," என்றார் ஒரு பெரியவர்.

"கருவி போட்டா அதுவும் கேக்கும் சார்."

"அப்ப வேண்டாம்," என்று அவர் எழுந்துகொண்டார். கூட வந்த மனைவி சிரித்துக்கொண்டே அவர் தோளை அமுக்கி உட்கார வைத்தார்.

[இதை வெட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கதைக்கு ஒட்டவில்லை. ஆனால் அன்றைக்கு அவன் அந்த அம்மாள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். இருக்கட்டும்.]

3

அவன் ஆய்வு வகுப்பறைகளைப் பற்றியது. வாத்தியார் பேசி நிறுத்திய பின் அவர் குரல் அறையில் அடங்க எவ்வளவு நேரமாகிறது? அடங்கத் தாமதமானால் கடைசி பெஞ்சுக்கு எல்லாம் குழப்பமாகக் கேட்கும். அளக்க ஆளில்லாத வகுப்பறை வேண்டும். ஒரு குரல் வேண்டும்.

மனைவிதான் குரல்.*

கல்யாணமான புதிது. ஞாயிற்றுக்கிழமைகளில் காவலாளி ஒவ்வொரு கதவாகத் திறந்துவிடுவார். பதினொரு வகுப்பறைகள். சாக்பீஸ் தூள் மணம். அவள் கரும்பலகை முன்னால் நிற்பாள். அவன் ரெக்கார்டரோடு கடைசி பெஞ்சில். பட்டியலில் அறுபது சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் ஐந்து விநாடி மூச்சுச் சத்தம்கூடக் கூடாது.

"மரம்."

ஒன்று, இரண்டு, மூன்று...

"போதுமா?"

"ஐயோ, பேசாத! முதல்லேருந்து."

"கதவு."

ஒன்று, இரண்டு. சிரித்துவிட்டாள்.

"இப்ப என்ன?"

"அந்த பெஞ்சுல உன்னப் பாத்தா அப்படியே ஃபெயிலான பையன் மாதிரி இருக்க."

அவன் கோபத்தோடு நோட்டில் 'பழுது' என்று எழுதுவான். மொத்தம் நாற்பத்து மூன்று பழுதுகள். அவற்றைத் தனியாகப் போட்டு, நல்ல பதிவுகளைச் சரிபார்த்ததும் அழித்துவிட வேண்டும். அது துறையின் விதி.

சரிபார்த்தது அவனுக்கு ஞாபகமிருக்கிறது. அழித்தானா என்பது ஞாபகமில்லை.

(* பலூன் உடைத்தும் அளக்கலாம். அவன் ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வந்திருந்தான். "நான் இருக்கேன்ல, பலூன் எதுக்கு?" என்றாள்.)

4

இனி அவள் தங்கை வருகிறாள். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். கேட்க வேண்டியதைக் கேட்பதற்கென்றே படைத்த மாதிரி இருக்கிறாள். என்ன செய்ய, ஞாயிறு தவறாமல் வருகிறாளே.

"படிவம் குடுத்தாச்சா அத்தான்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. உங்களுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை வர்றதே இல்ல போல."

அவன் காபி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

"அக்கா குரல் அங்க டிபார்ட்மென்ட் கம்ப்யூட்டர்லதான இருக்கு? திரும்பச் சேந்தாத்தான கேக்க விடுவாங்க?"

"நல்ல பதிவு மட்டும் இருந்தா மரம், கதவு, பந்துதான் இருக்கும். அது அவ இல்ல."

"பழுதானது?"

"அழிச்சேனா இல்லையான்னு தெரியல."



"அக்கா சிரிச்சத நீங்க அழிச்சிருக்க மாட்டீங்க."

"விதி அப்படி."

"ஆமா," என்றாள். "நீங்க விதிய மீறாத ஆளுதான்."

துறைக்குத் திரும்பிப் போகாதவரை அந்தச் சிரிப்பு இருக்கவும் இருக்கலாம். போனால் தெரிந்துவிடும்.

5

முடிவு ஒன்று: பழுதுகள் இருக்கின்றன. முதல் பதிவைத் திறக்கிறான். 'போதுமா?' என்று

முடிவு இரண்டு: பழுதுகள் இல்லை. அறுபது நல்ல சொற்களை மாதக்கணக்கில் உட்கார்ந்து அளக்கிறான். அவள் நிறுத்திய பிறகு ஒவ்வொரு அறையும் அவளை எவ்வளவு நேரம் வைத்திருந்தது என்பதற்கு அட்டவணை போடுகிறான். பட்டம் கிடைக்கிறது.

[இரண்டாவது சரளமாக வருகிறது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன்.]

6

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அவன் அலுவலக ஜன்னல் முன்னால் நிற்கிறான். உள்ளே இருக்கும் அம்மாள் படிவத்தைப் புரட்டுகிறார்.

"ஏழாவது காலியா இருக்கே சார்?"

"எழுத வரல மேடம்."

"ஒரு வார்த்தையாவது எழுதுங்க. காலியா இருந்தா நான் வாங்க முடியாது."

படிவத்தோடு பேனாவும் ஜன்னல் வழியே வெளியே வருகிறது. அவன் பேனாவை எடுக்கிறான். காகிதத்தின் மேல் குனிகிறான்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். இனி ஐந்து விநாடி. என்ன எழுதுவான், எழுதுவானா என்பதை நீங்கள் சொல்லுங்கள். நடுவில் பேசினாலும் சிரித்தாலும் இந்த முறை பழுது என்று குறிக்க மாட்டேன்.