முசியே வீட்டு வெறுப்பு

“நீயும் மிசாந்த்ரோப்பா?” என்று முசியே என்னைக் கேட்டார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்களில் ஏதோ ஒரு பிரிவு போலிருக்கிறது என்று நினைத்தேன். பேசுவதைவிடத் தலையாட்டுவது சுலபம். ஆட்டிவிட்டேன். அதற்குத்தான் வேலை கிடைத்தது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. வைத்திக்குப்பத்தில் அம்மா மீன் விற்றுக்கொண்டிருந்தாள். நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அம்மா என் தலையில் கூடையை ஏற்றி அனுப்பினாள். மீன் விற்கிறவள் கூவ வேண்டாமா? நான் தெருத்தெருவாகச் சும்மா நடந்துவிட்டு அப்படியே திரும்பி வருவேன். “மீனு என்னா, தானா எறங்கிப் போயி கதவத் தட்டுமா?” என்று அம்மா கத்துவாள்.

கூவாத என்னைக் கூப்பிட்டு மீன் வாங்கியவர் முசியே ஒருவர்தான். பெயர் ஜோசப் ஆனந்த். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், அதனால் தெருவில் எல்லோருக்கும் முசியே, பிரெஞ்சில் ஐயா. பெரிய வீட்டில் தனி ஆள். நான் சத்தம் போடுவதில்லை என்பது அவருக்குப் பிடித்துப்போய், சமைக்க வந்துவிடு என்றார். சமையல் தவிர இன்னொரு வேலையும் இருந்தது. கேட்டுக்கு யார் வந்தாலும் “ஐயா இல்ல” என்று திருப்பி அனுப்ப வேண்டும்.

மிசாந்த்ரோப் என்றால் என்ன என்று கொஞ்ச நாள் கழித்து அவரே சொன்னார். “மனுசனக் கண்டா ஆகாதவன். நாம ரெண்டு பேரும்.”

நாம ரெண்டு பேரும் என்றது கேட்க நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு மனுசங்களைப் பிடிக்காதா? அம்மாவுக்குத் தெரியாமல் நான் எழுதுகிற நோட்டில் அன்று வெறுப்பில் எத்தனை வகை என்று எழுதிப் பார்த்தேன். எரிச்சல், வியாபாரம் ஆகாத அன்று அம்மாவுக்கு வருவது. சோறு தின்றால் போய்விடும். காண்டு, கிரிக்கெட் ஆடுகிற பையன்களுடையது. அடுத்த ஆட்டம் வரைக்கும்தான். பக்கத்தில் மீன் விற்கிற ஆயம்மாவுக்கும் அம்மாவுக்கும் ஆகாது. ஒருத்தி தராசை இன்னொருத்தி தொடமாட்டாள். ஆனால் அம்மா காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வந்தது ஆயம்மா வீட்டிலிருந்துதான். வன்மம் வெளியே தெரியாது, சாம்பலுக்குள் நெருப்பு மாதிரி. குரோதத்தை டீவி சீரியலில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

இதில் எதுவும் என்னுடையது இல்லை. என்னுடையது வெறும் கூச்சம். அதை முசியேயிடம் சொன்னால் வேலை போகும், மறுபடியும் தலையில் கூடை ஏறும். சொல்லவில்லை.

முசியேவுக்குப் பால்காரர் ஆகாது, தபால்காரர் ஆகாது, எதிர்வீட்டு நாய்கூட ஆகாது. எல்லோரையும்விட ஆகாதவர் அவருடைய அக்கா இருதயமேரி. அந்தம்மாவின் மகள் கல்யாணத்தில் பிரியாணிக்கு உப்பு போதவில்லை என்று இவர் பந்தியில் உட்கார்ந்தே சொல்லியிருக்கிறார். “நீயெல்லாம் ஒரு மனுசனா?” என்று எல்லோர் முன்னாலும் அந்தம்மா கேட்டுவிட்டார். எட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. யார் முதலில் பேசுகிறாரோ அவர் தோற்றவர்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தம்மா வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். முசியே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். நடுவில் நான்.

“ஆதிலட்சுமி, உங்க ஐயா மாத்திர போட்டாரான்னு கேளு.”

“போட்டா என்னா, போடாட்டி என்னான்னு அந்தம்மாகிட்ட சொல்லு.”

“செத்தா நான்தான வந்து அழுவணும், அதுக்குக் கேக்குறேன்னு சொல்லு.”

“அழுவுறதுக்குக் கூலிக்கு ஆள் வெச்சுக்கிறேன்னு சொல்லு.”

இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை வந்தால்தான் செல்லும். நான் முணுமுணுத்த பிறகே அடுத்தது வரும். அடுத்தவர் பேச்சு என்பதாலோ என்னவோ, என் தொண்டை அடைக்கவில்லை. கிளம்பும்போது அந்தம்மா “வரேன்னு சொல்லு” என்பார்.

சனிக்கிழமைதோறும் முசியே ஒரு வெள்ளைச் சட்டையைக் கொடுத்து இஸ்திரி போடச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொள்வார். பூசைக்கும் போவதில்லை, வேறெங்கும் போவதில்லை. அம்மாவிடம் சொன்னேன். “அது வெறுப்பு இல்லடி, வீம்பு” என்று சிரித்தாள். அந்தச் சொல் என் நோட்டில் இல்லை. எழுதிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “பிரான்சுலேருந்து எம் பையன் இன்னிக்கு ராத்திரி வரான். மாமா வீட்லதான் மொதல்ல சாப்புடுவானாம்னு சொல்லு” என்றார்.

சொன்னேன்.

“என் வீடு என்னா ஓட்டலா? இனிமே அந்தம்மாவ இந்தப் பக்கமே வராதேன்னு சொல்லு.”

நான் வாயைத் திறக்கவில்லை.

“ஆலே, சொல்லு!” அவசரம் வந்தால் அவருக்குப் பிரெஞ்சு வந்துவிடும். “சொல்றியா, மீன் கூடையத் தூக்கிக்கிட்டுப் போறியா?”

அந்தம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். காதில் விழுந்துவிட்டது. ஆனால் நான் சொல்லாதவரைக்கும் அது இன்னும் சொன்னதாகாது. தொண்டை அடைப்பு எனக்குத் தெரியும். இது அது இல்லை. எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை.

“ஐயா,” என்றேன். “நான் மிசாந்த்ரோப் இல்ல. எனக்குக் கூச்சம், அவ்ளோதான். இத நான் சொல்ல மாட்டேன்.”

அந்த வீட்டில் நான் என் பேச்சாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. முசியே வெள்ளைச் சட்டையோடு விறுவிறுவென்று கேட்டுக்கு வந்து, அந்தம்மா முகத்துக்கு நேராக, “நீ இனிமே வராதே!” என்றார்.

அந்தம்மா கேட்டுக் கம்பியை விட்டார். பிறகு அந்தம்மா சிரிக்க ஆரம்பித்தார்.

“பாத்தியா ஆதிலட்சுமி! ‘நீ’ன்னுட்டான். எங்கிட்ட பேசிட்டான்! தோத்துட்டான்டி எந்தம்பி!” நிற்க முடியாமல் வாசல் படியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சட்டயப் பாரேன், இஸ்திரி போட்டு!”

முசியே தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போகச் சொல்லப் போகிறார் என்று நின்றேன். அவர் உள்ளே போனார். மார்க்கெட்டுக்கு நான் கொண்டுபோகிற ஒயர் கூடை சமையல்கட்டு ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு வந்தார். நான் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை. செருப்பை மாட்டினார். கேட்டைத் திறந்தார். அந்தம்மா காலை ஒதுக்கி வழிவிட்டார்.

கேட்டை மூடாமல், மார்க்கெட் பக்கம் திரும்பி நடந்தார்.