உள்ளே விடும் துணி

ரவிக்கை தைக்கும்போது பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டு வைப்பார்கள். உடம்பு பெருத்தால் தையலைப் பிரித்து, அந்தத் துணியைக் கொண்டே ரவிக்கையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பிளெஸ்ஸி அதைத்தான் கேட்டிருந்தாள். சிறுகுடலில் புண் இருப்பதால் அவள் தின்கிற சோறு உடம்பில் ஒட்டுவதில்லை. ஆஸ்பத்திரியில் புது ஊசி போடத் தொடங்கிய பிறகு இப்போதுதான் கொஞ்சம் எடை ஏறியிருந்தது.

கறம்பக்குடித் தையல் கடையில் ரவிக்கையைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே துணியே இல்லை.

"நாந்தான் வெட்டிட்டேன்," என்றாள் தையல்காரி அன்புச்செல்வி. "இந்த இடுப்புக்கு அது எதுக்குடி? ஊரே பட்டினி கெடந்து எளைக்கப் பாக்குது. குடுத்து வச்சவ நீ!"

காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். "அந்த ரகசியத்த எங்களுக்கும் சொல்லு புள்ள," என்றாள் ஒருத்தி.

பிளெஸ்ஸி ரவிக்கையை மேசைமேல் போட்டாள். "பேதி ரத்தமாப் போகும்க்கா. விடிய விடிய கக்கூஸ்ல குந்தியிருக்கணும். வேணுமா ஒங்களுக்கு?"

அவள் அன்புச்செல்வி பக்கம் திரும்பினாள்.

"ஒடம்பு தேறும்னு நம்பித்தான் துணி விடச் சொன்னேன். அத வெட்ட நீங்க யாரு? அக்குள்ள இருந்து இடுப்பு வரைக்கும் வேற துணி வச்சுத் தைங்க. ஒட்டு தெரிஞ்சாலும் பரவாயில்ல."

அன்புச்செல்வி தையலைப் பிரிக்கத் தொடங்கும்வரை அவள் உட்காரவில்லை.